பரண் லேப்டாப், பொன்னேரி டிஸ்க்

லைட்ஹவுஸ் குப்பத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, பால் கொதிக்கும் இடைவெளியில் போனிலிருந்து வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். இடம் இல்லை என்று போன் கத்துகிறதாம். அடுத்து அழியவிருந்தது இறந்துபோன மாமியார் வலைக்கு முன்னால் உட்கார்ந்து யாரையோ திட்டும் சின்ன வீடியோ. கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துவிடலாமே என்றேன்.

"சர்வரா? அதுக்கு ஏசி ரூம் வேணுமே தம்பி. பேங்க்ல பாத்திருக்கேன்."

ஏசியும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். வீட்டு சர்வர் என்பது ராத்திரி பகல் அணையாமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரு பெரிய டிஸ்க். அதிலிருந்து வைஃபை பெட்டிக்கு ஒரு வயர். போனில் எடுக்கும் படங்கள் வீட்டுக்குள் வந்ததும் தானாக அதில் போய்ச் சேரும். சேர்ந்ததை டிவியில் போட்டுப் பார்க்கலாம், பிள்ளைகள் அவரவர் போனில் பார்க்கலாம். இதற்காகப் புதிதாக ஒரு பெட்டி வாங்க வேண்டிய அவசியம் தமிழ்நாட்டு வீடுகளில் அநேகமாக இல்லை. பிளஸ் டூ படித்த பெண்ணுக்கோ பையனுக்கோ அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப்புகளில் இன்று புது விண்டோஸ் ஓடாது, ஓடினாலும் நகராது. ஆனால் கோப்புகளை வாங்கி வைத்துக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு அந்த வேகம் தாராளம்.

"என் பொண்ணுதும் கெடக்கு. கரண்ட் பில்லு எகிறாதா?"

நியாயமான கேள்வி. நாள் முழுக்க ஓடும் எதையும் வாட்டில்தான் எடை போட வேண்டும். திரையை அணைத்துவிட்ட பழைய லேப்டாப் சும்மா இருக்கும்போது சுமார் 15 வாட் எடுக்கும். 24 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் ஒரு பில்லுக்கு 21.6 யூனிட். அதே வேலைக்கு 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் பெட்டியை வைத்தால் 86 யூனிட்டைத் தாண்டும். இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மிச்சம் 14கூட இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று டெஸ்க்டாப்பைத் தூக்கி வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டருக்கு 5 வாட் போதும், உண்மைதான். ஆனால் அதற்கு சார்ஜர், பெட்டி, மெமரி கார்டு எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். கரண்ட் போனால் அந்த நொடியே அணையும். லேப்டாப்புக்குச் சொந்தமாக ஒரு பேட்டரி இருக்கிறது. காற்றடித்தால் கரண்ட் போகும் ஊரில் அது சின்ன விஷயமில்லை.

அந்தப் பேட்டரியை முதலில் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் உப்பியிருந்தால் யோசிக்காமல் கழற்றிவிட வேண்டும், தீப்பிடிக்கக்கூடிய பொருள். கழற்றிய பிறகு லேப்டாப் நேரடிக் கரண்டில் ஓடும், ஆனால் இன்வெர்ட்டர் இருக்கும் பிளக்கில் செருகுவது நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்குக்குத்தான் கேடு.

கரண்டைவிடப் பெரிய விரோதி ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. அது சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்பு. வீட்டு ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் என்ன ஆகின்றன என்று அக்காவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் சொன்னேன். சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும்வரை சர்க்யூட் போர்டில் படிந்த உப்பு வெறும் தூசி. தாண்டிய பிறகு அது மின்சாரம் கடத்தும் நீர்ப்படலம். செம்பைப் பச்சையாக்கும், பின்களை அரிக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு, கேட்பவருக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும். அணையாமல் ஓடும் மெஷின் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். சூடான பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் குறைவு, அதனால் உப்பு கரைவதில்லை. மழைக்காலத்தில் அணைந்து, குளிர்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகக் கிடப்பதுதான் சீக்கிரம் சாகும். எனவே பரண் லேப்டாப்பை இறக்கியதும் சார்ஜர் குத்தும் இடத்தையும் யூஎஸ்பி வாய்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

ஓடத் தொடங்கியபின், கடல் பார்த்த ஜன்னலுக்கும் அடுப்புப் புகைக்கும் எட்டாத உள் அறையில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து வைக்கலாம். உயரம் ஏன் என்று இந்தக் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள். காற்றுப் போகாத டப்பாவுக்குள் அடைக்கக் கூடாது, வெந்துவிடும். உள்ளே ஃபேன் இருந்தால் உப்பையும் தூசியையும் அதுதான் இழுக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரித்துத் துடைக்க வேண்டும். டிஸ்க்கிலும் கவனம் வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு, உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக, வடிகட்டி வைத்த ஒரு சின்னத் துளை உண்டு. எஸ்எஸ்டியில் அப்படி எதுவும் கிடையாது, சுழலும் பாகமும் இல்லை. அதனால் லேப்டாப்புக்குள் சிஸ்டம் இருக்கும் இடத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டியும், படங்களுக்கு வெளியே யூஎஸ்பியில் தொங்கும் ஹார்டு டிஸ்க்கும் என்று பிரித்துக்கொள்வேன். பழைய யூஎஸ்பி 2 வாய் மெதுவாச்சே என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அது நொடிக்கு 30 எம்பி அளவுக்குக் கொடுக்கும். ஃபுல் எச்டி படம் ஒன்று ஓடுவதற்கு நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி போதும். மூன்று டிவியில் மூன்று படம் ஓடினாலும் திணறாது.

மென்பொருளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, எல்லாமே இலவசம். டெபியன் லினக்ஸ், அதன் மேல் ஓபன் மீடியா வால்ட். இதைப் போட்டுவிட்டால் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு போன் பிரவுசரிலிருந்தே எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். மூடியதும் தூங்கிப்போகும் பழக்கத்தை மட்டும் அமைப்பில் மாற்ற வேண்டும். கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா, போனிலிருந்து தானாகப் படம் வந்து சேரச் சிங்க்திங், டிவியில் பார்க்க ஜெல்லிஃபின். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போட்டுக் கொடுத்துவிடும்.

தடுக்கும் இடம் ஒன்று உண்டு. இப்போதைய போன்களில் பல இடம் மிச்சம் பிடிக்க வீடியோவை எச்.265 முறையில் சுருக்குகின்றன. பழைய டிவிக்கு அந்த முறை புரியாது. அப்போது ஜெல்லிஃபின் அதைப் பழைய எச்.264 முறைக்கு மாற்றிக்கொண்டே அனுப்பப் பார்க்கும்; பத்து வருஷத்து லேப்டாப்புக்கு அது மூச்சு முட்டும் வேலை, படம் விக்கி விக்கி ஓடும். சர்வர் சரியில்லை என்று அதைத் திட்டுவார்கள். போன் கேமரா அமைப்பில் எச்.264-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

"நெட்டு இல்லாட்டி இது ஓடுமா? இங்க டவரே பாதி நேரம் வராது."

ஓடும். வீட்டு வைஃபை என்பது வீட்டுக்குள் ஒரு பாதை. இன்டர்நெட் என்பது வாசலைத் தாண்டிப் போகும் வேறு பாதை. இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வெளியிலிருந்து ஒரே தடவை இறக்கிக்கொண்டு உள்ளே எல்லோருக்கும் கொடுக்கிற யோசனை மீனவ ஊர்களுக்குப் புதிதும் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1998-இல் புதுச்சேரிப் பக்கம் கிராம அறிவு மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் தலைமை மையம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக் கரையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரில் ஒருவரிடமும் இன்டர்நெட் இல்லாத காலம் அது. தகவல் எல்லோருக்கும் கிடைத்தது. 2004 சுனாமியன்று நல்லவாடு மக்களை எச்சரித்து வெளியேற்றியதும் இத்தகைய மையத்தின் ஒலிபெருக்கிதான். இணைப்பு எவ்வளவு வேகம் என்பதைவிட, இறங்கியது ஊருக்குள் எங்கே தங்குகிறது என்பதுதான் அங்கே முக்கியமாக இருந்தது.

வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுப் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; உலகத்துக்கே கதவைத் திறப்பது அது.

அக்காவுக்கு இதற்குள் சினிமா ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை படம் பிடிக்கும் என்றார். 1 டிபி டிஸ்க்கில், படத்துக்கு 2 ஜிபி வைத்தால், ஐந்நூறு. கண்கள் விரிந்தன. ஆனால் எனக்குச் சினிமாவில் அக்கறையில்லை. போனால் வேறெங்காவது கிடைக்கும். கிடைக்காதவை வேறு. படகுப் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள், பட்டா, சாதிச் சான்றிதழ். இவற்றில் சில டிஜிலாக்கரில் இருக்கும், பல இருக்காது. மகளிர் குழுவின் தீர்மான நோட்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஒன்று வந்துபோன மறுநாள், உடைந்த படகையும் கிழிந்த வலையையும் எடுத்த படங்கள். நிவாரணம் கேட்டுப் போகும்போது தேதியோடு காட்ட வேண்டியவை. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதி படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி முதலான விவரங்களையும் உதிர்த்துவிடும், அசல் வேண்டும். பிறகு பாடு. ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை விடுவது என்று தலைமுறைகளாக முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம். அதைப் பற்றிய பழைய தாள்களோ நோட்டுகளோ எந்த வீட்டில் இருந்தாலும் போனில் படமெடுத்து வைக்கலாம். பெரியவர்கள் அதை விளக்கிச் சொல்வதை வீடியோவாகவே எடுக்கலாம்.

ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், அப்புறம் விஷயம்: '2023-12 புயல் படகு'. தானாக வரிசையில் நிற்கும். இந்த ஒரு பழக்கம் எந்த மென்பொருளைவிடவும் தேடும் நேரத்தைக் குறைக்கும்.

"டிஸ்க்கு ஒடஞ்சா?"

உடையும். எந்த டிஸ்க்கும் ஒரு நாள் உடையும். அதற்குத்தான் இரண்டு டிஸ்க்கை ஒரே பெட்டியில் ஜோடியாக ஓடவிடும் ரெய்டு முறையைச் சிலர் விற்பார்கள். அது ஒரே படகில் இரண்டு வலை ஏற்றிப் போவது மாதிரி. வலை கிழிந்தால் மாற்று உண்டு, படகு கவிழ்ந்தால் இரண்டும் போச்சு. தவறுதலாக ஒரு டிஸ்க்கில் அழித்தது அதே நொடியில் மற்றதிலும் அழியும். அதனால் பிரதி வேறு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், வேறு ஊராக இருந்தால் இன்னும் நல்லது. அக்காவின் தங்கை பொன்னேரியில் இருக்கிறார். தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எப்படியும் அங்கே போய்வருகிறார்கள். இரண்டாவது டிஸ்க் தங்கை வீட்டு பீரோவில் இருக்கட்டும். போகும்போது எடுத்துவந்து, புதியதை ஏற்றி, அடுத்த முறை திருப்பி வைக்கலாம்.

ஏற்றினால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் ஒரு நாளை இதற்கு வைத்துக்கொள்ளலாம். பொன்னேரி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து, வீடியோ கடைசிவரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காத பிரதி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

அக்கா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கணக்குப் போட்டார்.

"ரெண்டு டிஸ்க்குன்னா ரெண்டு மடங்கு காசுல்ல தம்பி?"

"இல்லக்கா. சினிமாவுக்குப் பிரதி எதுக்கு? ரெண்டாவதுல உங்க வீட்டுப் படம், பத்திரம், குழு நோட்டு மட்டும்தான்."

"அது எவ்ளோ வரும்?"

அவர் போனில் மொத்தமாகவே 64 ஜிபிதான். வீட்டில் நான்கு போன். இத்தனை வருஷப் படங்களைக் கொட்டினாலும் 500 ஜிபி டிஸ்க் நிரம்பப் பல வருஷம் ஆகும். லேப்டாப்பை எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது அதிலிருந்து வெளியே வரும் பழைய ஹார்டு டிஸ்க்கையே ஒரு யூஎஸ்பி உறையில் போட்டு, கோளாறு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, பொன்னேரிக்கு அனுப்பி ஆரம்பிக்கலாம். காசு சேர்ந்ததும் முதலில் மாற்ற வேண்டியதும் அதைத்தான்.