பெருவேட்டைத் தோட்டாவின் மருந்தும் குண்டும்

பெருவிலங்கு வேட்டைக்குரிய ரைபிள் தோட்டா, பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்துள்ள தீமூட்டும் கேப்பு, கூட்டினுள் அடங்கும் உந்துமருந்து, கூட்டின் வாயில் செருகப்படும் குண்டு என நான்கு உறுப்புகளைக் கொண்டது. சுட்டு முடித்த கூட்டில் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்தும் கைவினை பல நாடுகளில் வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இக்கைவினையில் மருந்தையும் குண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க இயலாது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

உந்துமருந்துகளில் பழையதும், திருவிழாக்களில் போடப்படும் அதிர்வேட்டுக்கு ஆதாரமானதுமான கரிமருந்து, வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை உலகின் துப்பாக்கிகள் அதையே நம்பியிருந்தன. 1884-இல் பிரான்சில் பால் வியே புகையற்ற மருந்தைக் கண்டறிந்தார். 1889-இல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டுவாரும் கயிறு போன்ற இழைகளாக அமைந்த கார்டைட் மருந்தை உருவாக்கினர். குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையின் பெயரில் அம்மருந்து இன்றும் நிலைத்திருக்கிறது.

புகையற்ற மருந்து குழலுக்குள் படிப்படியாக எரிந்து வாயுவாக மாறுவது. எரியும் வேகத்தை மருந்து மணியின் உருவமும் அதன் மேற்பூச்சும் தீர்மானிக்கின்றன. எடை மிகுந்த குண்டு மெதுவாகவே நகரத் தொடங்குமாதலால், விரைந்து எரியும் மருந்தை அதன் பின்னால் நிரப்பினால் வாயு பரவ இடமின்றி அழுத்தம் எல்லை கடந்து துப்பாக்கியையே பிளந்துவிடக்கூடும். மிக மெதுவாக எரியும் மருந்தோ குண்டு குழலைவிட்டு நீங்கும் வரை எரிந்து முடியாமல் ஆற்றலை வீணாக்கும். ஆகவே குண்டின் எடை, கூட்டின் கொள்ளளவு, குழலின் விட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே மருந்தின் வகையைக் குறிக்கின்றன.

இவற்றோடு வெயிலையும் கணக்கிட்டாக வேண்டிய நிலை இந்தியாவில் எழுந்தது. சித்திரை வெயிலில் காய்ந்த தோட்டாவிலுள்ள கார்டைட், குளிர்நாட்டில் எரிவதைவிட வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். சுட்ட கூடு குழலோடு இறுகிக்கொண்டு வெளிவர மறுக்கும். காயமுற்ற புலி எதிரே நிற்கும் வேளையில் அவ்வாறு நேர்வது உயிர்ப்பிரச்சினையாதலால், லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் பெரிய கூட்டில் குறைந்த அழுத்தம் தோன்றும்படி ‘நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ தோட்டாக்களை வடிவமைத்தன. 1898-இல் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட 450, அதாவது 0.450 அங்குலம் (ஏறக்குறைய 11.4 மி.மீ.) விட்டமுள்ள தோட்டா, 31 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 655 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. ஆனால் கலகக்காரர்கள் கையில் இருந்த மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியும் அதே 450 விட்டமுடையது என்பதால், 1907-இல் ஆங்கில அரசு அவ்விட்டத்தை இந்தியாவில் தடை செய்தது. அதன் விளைவாகவே 470, 465 முதலிய புதிய விட்டங்கள் பரவின. ஆப்பிரிக்க யானை வேட்டையில் இன்று பெயர்பெற்று விளங்கும் 470, இந்தியச் சட்டம் ஒன்றின் விளைவாகப் பரவியது என்பது வரலாற்றில் கவனத்திற்குரிய செய்தி.

குண்டு தேர்வு விலங்கைப் பொறுத்தது. முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டு உடலில் பாய்ந்ததும் விரிவதால் புலிக்கு ஏற்றது. யானையின் தடித்த மண்டையோட்டைத் துளைக்க விரியாத, முழுதும் கவசமிட்ட குண்டே தேவை. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதசாலையில் 1890-களில் உருவான விரியும் குண்டு, 1899-இன் ஹேக் பிரகடனத்தால் போரில் விலக்கப்பட்டபோதும் வேட்டையில் தொடர்ந்தது. காயத்தோடு தப்பி அலையும் விலங்கின் துன்பத்தைக் குறைப்பதே அங்கு அதன் நியாயம். இக்காலச் செம்புக் குண்டுகள் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தவையாதலால் அதே எடைக்கு நீளம் கூடிக் கூட்டினுள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஈயக் குண்டுக்கு வகுத்த மருந்தளவு அவற்றுக்குப் பொருந்தாது.

பழைய இரட்டைக்குழல் ரைபிளில் இத்தேர்வு இன்னும் நுட்பமானது. இரு குழல்களும் குறிப்பிட்ட எடையும் வேகமும் உடைய ஒரு தோட்டாவுக்கே ஒரே இலக்கில் சேரும்படி பொருத்தப்பட்டவை. கார்டைட் கிடைக்காத இன்று, வேறொரு மருந்தால் அவ்வேகத்தை அப்படியே எட்டாவிட்டால் இரு குண்டுகளும் வெவ்வேறு இடங்களில் படும். ஆகவே மருந்து உற்பத்தியாளர்கள் சோதித்து வெளியிடும் அட்டவணையை விட்டு விலகாமல் இருப்பதே இக்கைவினையின் முதல் ஒழுங்கு. இந்தியாவில் 1959-இன் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுக்கிறது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்னைய திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்ததால், இந்திய வெயிலுக்காகப் பிறந்த இத்தோட்டாக்கள் இப்போது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் காடுகளிலேயே பயன்படுகின்றன.