கருவிழிக் கீறலும் காலதாமதமும்

விழிக்கோளத்தின் வெளிச்சுவர் இரு பகுதிகளால் ஆனது. முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போலப் பதிந்திருப்பது ‘கார்னியா’ எனப்படும் கருவிழிப் படலம். எஞ்சிய பகுதியைச் சூழ்ந்திருப்பது ‘ஸ்கிளீரா’ எனப்படும் வெண்விழிப் படலம். இரண்டும் பெரும்பாலும் ஒரேவகை நார்ப்பொருளால் ஆனவையே. வெண்படலத்தில் அந்நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கின்றன; கருவிழிப் படலத்திலோ வரிசை பிறழாது அடுக்கப்பட்டுள்ளன. அங்கு இரத்தக் குழாய்களும் இல்லை. ஆதலால் அது பளிங்கெனத் தெளிந்துள்ளது. நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடைய இப்படலத்தில் ஆழமான புண் உண்டாயின், அது ஆறிய பின்னும் தழும்பு நின்று பார்வையை மறைக்கும்.

மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நம் வாலிகண்டபுரம் வட்டாரத்து உழவர் இதனை அறிதல் நன்று. சோளத் தோகை விழியைக் கீறினால், மண்ணிலும் செடியிலும் வாழும் பூஞ்சை அக்கீறல் வழியே புகக்கூடும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்கு இது ஒரு முக்கிய காரணம். தாய்ப்பாலும் இலைச்சாறும் வேறு கிருமிகளையும் சேர்த்துவிடலாம். தாமாகவே கடையில் வாங்கும் ‘ஸ்டீராய்டு’ சொட்டுமருந்து, சிவப்பைத் தணிப்பதுபோல் காட்டிப் பூஞ்சையை வளர்க்கும்.

எல்லாவற்றிலும் பெருங்கேடு காலதாமதமே. நேபாள நாட்டுப் பக்தபூர் வட்டாரத்தில் நடத்தப்பெற்று 2001இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. கீறல் பட்ட 18 மணி நேரத்திற்குள் கிருமிகொல்லிக் களிம்பு இடத் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. 24 மணி நேரம் கடந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு உண்டாயிற்று.

வெண்விழியும் நோயுறுவது உண்டு. அது ஆழ்ந்து சிவந்து உறக்கம் கெடுமளவு வலித்தால், மூட்டுவாதம் போன்ற நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஆகவே கண்ணைக் கசக்காதீர். அன்றைய தினமே கண் மருத்துவரை நாடுங்கள். மறுநாள் அறுவடை காத்திருக்கும், கருவிழி காத்திராது.