தாவலுக்கு எத்தனை மதிப்பெண்?

ஓட்டப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். கோட்டை முதலில் தொட்டவர் வென்றவர். அதில் சண்டைக்கு இடம் குறைவு. நீளம் தாண்டுதலில் நாடா வைத்து அளக்கலாம். எத்தனை மீட்டர் என்று எல்லோரும் பார்க்கலாம்.

கோலப் போட்டி அப்படி அல்ல. ஒருவர் முப்பது புள்ளி வைத்துப் பெரிய சிக்குக் கோலம் போடுகிறார். ஒரு மூலையில் இழை கொஞ்சம் கோணிப் போகிறது. இன்னொருவர் ஏழு புள்ளிக் கோலம் போடுகிறார். சின்னக் கோலம்தான். ஆனால் ஒரு பிழையும் இல்லை. பரிசு யாருக்கு?

ஒரு நடுவர் பெரிய கோலத்துக்குக் கொடுப்பார். இன்னொரு நடுவர் பிழையில்லாத கோலத்துக்குக் கொடுப்பார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது.

உலக அளவில் நடக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியிலும் இதே கேள்விதான். அங்கே எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்? ஒரு போட்டிக்கும் இன்னொரு போட்டிக்கும் மதிப்பெண் ஏன் மாறுகிறது? பார்ப்போம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் என்ன?

உடம்பை வளைத்து, தாவி, சுழன்று செய்யும் விளையாட்டு இது. பெண்களுக்கு நான்கு பிரிவுகள் உண்டு.

ஓடி வந்து மேசை மேல் கை ஊன்றித் தாவுவது ஒன்று. உயரமும் தாழ்வுமான இரண்டு கம்பிகளில் தொங்கிச் சுழல்வது இரண்டாவது. கட்டை மேல் நடந்து, குதித்து, கரணம் போடுவது மூன்றாவது. அந்தக் கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர்தான். நம் உள்ளங்கை அளவு! தரை விரிப்பில் இசைக்கு ஏற்ப ஆடித் தாவுவது நான்காவது.

ஆண்களுக்கு ஆறு பிரிவுகள் உண்டு.

பத்துக்குப் பத்து

முன்பெல்லாம் அதிக அளவு 10 மதிப்பெண்தான். நம் பள்ளிக்கூடத்தில் பத்துக்குப் பத்து போடுவது போல.

1976-ல் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் நடந்தது. ருமேனியா நாட்டிலிருந்து நாடியா கொமனேச்சி என்ற சிறுமி வந்திருந்தாள். வயது 14. கம்பியில் சுழன்று இறங்கினாள். மதிப்பெண் பலகையில் 1.00 என்று வந்தது. எல்லோரும் திகைத்தார்கள்.

உண்மையில் அவளுக்குக் கிடைத்தது 10. அதுவரை ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் யாரும் பத்து வாங்கியது இல்லை. அதனால் பலகையில் 10.00 என்று காட்ட வசதியே செய்யவில்லை! அந்த ஒலிம்பிக்கில் நாடியா ஏழு முறை பத்துக்குப் பத்து வாங்கினாள்.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை இருந்தது. பத்துக்கு மேல் போக வழி இல்லை. மிகக் கடினமான வித்தை செய்தவருக்கும் பத்துதான். அதைவிடச் சற்று எளிய வித்தையைப் பிழையின்றிச் செய்தவருக்கும் பத்துதான்.

ஏதென்சில் வந்த தகராறு

2004-ல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே ஆண்கள் போட்டியில் இரண்டு தகராறுகள் வந்தன.

முதல் தகராறு ஒரு கூட்டல் கணக்கு. தென் கொரியாவின் யாங் டே-யங் செய்த வித்தை பத்துக்கு மதிப்பிட வேண்டியது. நடுவர்கள் தவறாக 9.9-க்கு மதிப்பிட்டார்கள். இதில் 0.1 போனது. முடிவில் அமெரிக்காவின் பால் ஹாம் 57.823 வாங்கினார். அவருக்குத் தங்கம். யாங் 57.774 வாங்கினார். அவருக்கு வெண்கலம்.

நீங்களே கூட்டிப் பாருங்கள். 57.774 உடன் 0.1 சேர்த்தால் 57.874. அது ஹாமின் மதிப்பெண்ணைவிட அதிகம்.

நடுவர்கள் மூன்று பேரைச் சங்கம் தற்காலிகமாக நீக்கியது. ஆனால் பதக்கம் மாறவில்லை. கொரியா முறையாகப் புகார் கொடுத்தபோது போட்டி முடிந்துவிட்டது. வழக்கு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. களத்தில் நடந்த தவறைப் பிறகு திருத்த முடியாது என்று மன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது தகராறு ரஷ்யாவின் அலெக்சேய் நெமோவ் கம்பியில் ஆடியபோது வந்தது. அவருக்கு 9.725 போட்டார்கள். கூட்டம் கொதித்தது. நிமிடக் கணக்கில் கூச்சல். போட்டி நின்றது. நடுவர்கள் 9.762 ஆக உயர்த்தினார்கள். அப்போதும் கூச்சல் ஓயவில்லை. கடைசியில் நெமோவே மேடை ஏறிக் கைகாட்டிக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் நல்ல பெயர் கிடைத்தது.

கூச்சல் போட்டால் மதிப்பெண் கூடும் என்றால் அது நியாயமா? இப்படி மக்கள் கேட்டார்கள். 2006-ல் முறையை மாற்றினார்கள்.

இன்றைய முறை

இப்போது இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று கடினத்துக்கு. மற்றது நேர்த்திக்கு. இரண்டையும் கூட்டுவார்கள்.

கடின மதிப்பெண்: ஒவ்வொரு வித்தைக்கும் விதிப் புத்தகத்தில் ஒரு விலை எழுதியிருக்கும். கடினம் கூடினால் விலையும் கூடும். இதற்கு மேல் வரம்பு கிடையாது.

நேர்த்தி மதிப்பெண்: எல்லோருக்கும் தொடக்கத்தில் 10 உண்டு. பிழை செய்யச் செய்யக் குறையும். சிறு பிழைக்கு 0.1 போகும். நடுத்தரப் பிழைக்கு 0.3. பெரிய பிழைக்கு 0.5. கீழே விழுந்தால் முழுதாக 1 போகும்.

நேர்த்தியைப் பல நடுவர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். மிக அதிகமாகப் போட்டதையும் மிகக் குறைவாகப் போட்டதையும் தள்ளிவிடுவார்கள். நடுவில் உள்ளதற்குச் சராசரி எடுப்பார்கள். ஒருவர் வேண்டுமென்றே கூட்டியோ குறைத்தோ போட்டால் அது எடுபடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கோலப் போட்டியை நினைத்துப் பாருங்கள். முப்பது புள்ளிக் கோலத்துக்குக் கடினத்தில் அதிகம். இழை கோணியதற்கு நேர்த்தியில் குறைவு. இரண்டையும் கூட்டினால் விடை கிடைத்துவிடும்.

தீபாவின் தாவல்

தீபா கர்மாகர் திரிபுரா மாநிலத்தின் அகர்தலா ஊர்ப் பெண். ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர்தான்.

2016-ல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் அவர் மேசைத் தாவலில் கலந்துகொண்டார். அதில் ஒருவர் இரண்டு தாவல்கள் செய்ய வேண்டும். இரண்டின் சராசரிதான் மதிப்பெண்.

தீபாவின் இரண்டாவது தாவலுக்குப் புரோதுனோவா என்று பெயர். ஓடி வந்து, மேசையில் கை ஊன்றி, காற்றில் இரண்டு முன் கரணம் அடித்து இறங்க வேண்டும். தவறினால் கழுத்துக்கே ஆபத்து. உலகில் மிகச் சிலரே அதைச் செய்திருக்கிறார்கள்.

அன்று அதற்குக் கடின மதிப்பெண் 7. தீபா இறங்கும்போது உடம்பு மிகவும் தாழ்ந்துவிட்டது. அதனால் நேர்த்திக்கு 8.266 கிடைத்தது. கூட்டினால் 15.266. முதல் தாவலுக்கு 14.866. இரண்டுக்கும் சராசரி 15.066.

சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்குரூபர் 15.216 வாங்கி வெண்கலம் பெற்றார். தீபாவுக்கு நான்காம் இடம். வித்தியாசம் 0.150. இரண்டு தாவல்களையும் சேர்த்தால் 0.300. அதாவது ஒரே ஒரு நடுத்தரப் பிழை! அவ்வளவு நெருக்கத்தில் பதக்கம் தவறியது.

போட்டிக்குப் போட்டி ஏன் மாறுகிறது?

முன்பு ஊருக்கு ஊர் மரக்கால் மாறும். ஒரு சந்தையில் ஒரு மரக்கால் நெல் என்பதும் இன்னொரு சந்தையில் ஒரு மரக்கால் நெல் என்பதும் ஒரே அளவாக இருக்காது. ஜிம்னாஸ்டிக்ஸ் மதிப்பெண்ணும் அப்படித்தான். காரணங்கள் என்ன?

முதலாவது, விதிப் புத்தகம் மாறுகிறது. ஒரு ஒலிம்பிக் முடிந்ததும் அடுத்த ஒலிம்பிக்குக்குப் புதிய விதிகள் வரும். ரியோவில் புரோதுனோவா தாவலுக்கு 7 என்று பார்த்தோம். 2017-ல் அதை 6.4 ஆகக் குறைத்தார்கள். தாவல் மாறவில்லை. ஆபத்தும் மாறவில்லை. விலைதான் மாறியது.

2024-ல் உஸ்பெகிஸ்தான் நாட்டின் தாஷ்கண்டில் ஆசியப் போட்டி நடந்தது. அதில் தீபா 13.566 வாங்கினார். தங்கம் வென்றார். ரியோவில் 15.066-க்கு நான்காம் இடம். தாஷ்கண்டில் 13.566-க்குத் தங்கம். விதி வேறு, நடுவர்கள் வேறு, எதிரே நின்றவர்கள் வேறு. ஆகவே இந்த இரண்டு எண்களை ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, நடுவர்கள் மாறுகிறார்கள். உள்நாட்டுப் போட்டியில் எல்லோரும் நம்மவர். அங்கே கை சற்றுத் தாராளமாக இருப்பது உண்டு. உலகப் போட்டியில் பல நாட்டு நடுவர்கள் இருப்பார்கள். அங்கே முழங்கால் சற்று மடிந்தாலும் விடமாட்டார்கள். ஊரில் அதிகம் வாங்கியவர் வெளிநாட்டில் குறைவாக வாங்கினால் சோம்பிவிட்டார் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, முறையே வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் இன்றும் பத்துக்குப் பத்துதான். அங்கே வாங்கும் 9.9-ஐயும் ஒலிம்பிக்கில் வாங்கும் 14-ஐயும் ஒப்பிட முடியாது.

நான்காவது, மனிதக் கண்ணுக்கு எல்லை உண்டு. காற்றில் சுழல்வது ஒரு நொடி வேலை. அதற்குள் கால், முதுகு, கை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இப்போது நடுவர்களுக்குத் துணையாகக் கணினியும் வந்திருக்கிறது. 2023 உலகப் போட்டியில் எல்லாப் பிரிவுகளிலும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் மதிப்பெண் போடுவது மனிதர்தான்.

நான்கு நொடி

மதிப்பெண் தவறு என்று நினைத்தால் என்ன செய்வது? கடின மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் முறையிடலாம். நேர்த்தியைப் பற்றி முறையிட முடியாது. அதற்குக் கட்டணம் உண்டு. காலக் கெடுவும் உண்டு.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தரைப் போட்டி நடந்தது. கடைசியாக ஆடியவர் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸ். அவருக்கு 13.666. ருமேனியாவின் அனா பார்போசு 13.700 வாங்கியிருந்தார். தனக்கு வெண்கலம் என்று கொடியோடு நின்றார்.

சைல்சின் பயிற்சியாளர் முறையிட்டார். நடுவர்கள் மீண்டும் பார்த்தார்கள். 0.1 கூட்டினார்கள். 13.766 ஆனது. வெண்கலம் சைல்சுக்குப் போனது. பார்போசு அழுதுகொண்டே போனார்.

கடைசியாக ஆடுபவருக்கு முறையிட ஒரு நிமிடம்தான் கெடு. நான்கு நொடி தாமதமாகச் சொன்னார்கள் என்று ருமேனியா வழக்குப் போட்டது. விளையாட்டு நடுவர் மன்றம் அதை ஏற்றது. பதக்கம் பார்போசுவுக்கு மாறியது. நேரத்துக்குள் சொன்னதற்கு வீடியோ இருக்கிறது என்றது அமெரிக்கத் தரப்பு. சைல்ஸ் சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார்.

இரண்டு பெண்களும் எந்தத் தப்பும் செய்யவில்லை. நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் இரண்டு பேரும் அழ நேர்ந்தது.

நமக்கு இதில் என்ன?

எண்ணைப் பார்த்ததும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எந்த அளவுகோலால் அளந்தார்கள்? யார் அளந்தார்கள்? என்றைய விதி? இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

முறையிடும் உரிமை இருந்தால் மட்டும் போதாது. யாரிடம், எப்படி, எத்தனை நாளுக்குள் என்பதும் தெரிய வேண்டும். அது விதியில் எழுதியிருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் கெடு ஒரு நிமிடம். நம் மனுக்களுக்கு முப்பது நாள் இருக்கலாம், அறுபது நாள் இருக்கலாம். காகிதம் கைக்கு வந்ததும் முதலில் தேதியைப் படியுங்கள்.

யோசித்துப் பேசுங்கள்

1. உங்கள் ஊர்க் கோலப் போட்டிக்கு நீங்கள் நடுவர். கடினத்துக்கு எத்தனை, நேர்த்திக்கு எத்தனை என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

2. ஒருவருக்குக் கடினம் 6.0, நேர்த்தி 8.5. இன்னொருவருக்குக் கடினம் 5.4, நேர்த்தி 9.2. யார் வென்றவர்? கூட்டிப் பாருங்கள்.

3. பாரிசில் பதக்கம் யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும்? உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.