ஜவுளிச் சந்தையில் ஓர் அடுப்பு

ஈரோட்டு ஜவுளிச் சந்தையைப் பற்றி நம் நெசவாள அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திங்கட்கிழமை மாலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நடைபெறும் அச்சந்தைக்குக் கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் வணிகர் வருகின்றனர். போர்வையும் துண்டும் லுங்கியும் மூட்டை மூட்டையாகக் கைமாறுகின்றன. ஆயின், இரவெல்லாம் கண்விழித்து மூட்டை சுமப்போருக்கும், விற்போருக்கும், வாங்குவோருக்கும் பசியாற்றுவோர் யாவர்? அவர்தம் நிலையை நேரில் கண்டறிய விழைந்து, ஒரு திங்கள் இரவு நாம் அங்குச் சென்றிருந்தோம்.

சந்தையின் ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி. கணவர் அடுப்பருகே நின்று இட்லிக் கொப்பரையை இறக்குகிறார். மனைவி பரிமாறுகிறார், கணக்கும் அவர் பொறுப்பே. பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் மகள் இலைகளை நறுக்கி அடுக்குகிறாள். சட்னிக்கு வேண்டியவற்றை வீட்டிலிருந்து ஆயத்தம் செய்து அனுப்புபவர் மாமியார். ஆக, நால்வர் உழைப்பில் ஓர் அடுப்பு எரிகிறது.

“வாங்கண்ணா, உக்காருங்க. அரிசிம்பருப்பு சூடா இருக்குதுங்க” என்று அம்மையார் வரவேற்றார். கொங்கு நாட்டார் விரும்பியுண்ணும் அச்சோற்றை நெய்யூற்றி இலையில் வைத்தார். சுவையில் குறையில்லை, கூட்டத்திலும் குறையில்லை. எனினும், இக்குடும்பத்தின் கையில் பொருள் தங்கவில்லை. காரணம் வினவினோம். அம்மையார் தம் சிட்டைப் புத்தகத்தை நம்மிடம் நீட்டினார்.

அதில் நாள்தோறும் 100 ரூபாய் தண்டலுக்குச் செலுத்திய கணக்கு வரிசையாக இருந்தது. 10,000 ரூபாய் கடன் என்று பெயர். கையில் கிடைத்தது 9,000. நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 கட்டி முடிக்க வேண்டும். “ஆயிரம் ரூபாய்தானே!” என்று தோன்றும். ஆனால், அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், 100 நாளும் இவர்கள் கையிலிருந்த கடன் சராசரியாக 4,500 ரூபாய் அளவே. அதற்கு 1,000 ரூபாய் வட்டியெனில், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவிகிதமாகிறது! இதே தொகையை 12 சதவிகித வட்டிக்குப் பெற்றிருப்பின், 100 நாளுக்கு வட்டி 150 ரூபாய்க்கு மேற்படாது. எஞ்சிய 850 ரூபாய் மகளின் படிப்புக்கு உதவியிருக்கும்.

கந்து வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. தெருவோர வணிகர் உரிமையைக் காக்க 2014-இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. ஈடின்றிக் கடனளிக்கும் ‘ஸ்வநிதி’ திட்டம் 2020-இல் தொடங்கிற்று. தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்த முதற்கடன் 2025-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தனை இருந்தும் தண்டலை நாடுவானேன் என்று கேட்டோம்.

“போன மழைக்குச் சந்தை கூடலீங்கண்ணா. அரைச்ச மாவு அத்தனையும் புளிச்சுப் போச்சு. மக்யா நாள் அரிசி வாங்கக் காசு வேணும். ஆபீசு பத்து மணிக்குத்தானுங்க தொறக்கும். தண்டல்காரரு ராத்திரியே வண்டிக்கிட்ட வந்து குடுத்துட்டுப் போயிட்டாரு” என்றார் அம்மையார்.

அம்மறுமொழி நம்மைத் தலைகுனியச் செய்தது. குறைந்த வட்டியை நாம் பெருமையுடன் எடுத்துச் சொல்கிறோம். ஆனால், ஏழையின் அவசரம் நம் அலுவலக நேரத்திற்குக் காத்திராது என்பதை மறந்துவிடுகிறோம். தண்டல்காரரின் வலிமை அவரது பணப்பையில் மட்டுமில்லை. வேண்டிய வேளையில் வேண்டிய இடத்தில் வந்து நிற்பதிலும் இருக்கிறது.

1904-ஆம் ஆண்டில் திரூரில் தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலத்திலும் உழவரின் பகைவன் கடுவட்டியே. இன்றும் அப்பகைவன் மறைந்தானில்லை. சந்தை வெளிச்சத்தில் உலவுகிறான். ஆதலின், சந்தையைச் சார்ந்த சங்கங்கள் ஒன்று செய்யலாம். சந்தை நாளிரவில் ஓர் ஊழியரை அனுப்பி, கடைக்காரரிடம் நாள்தோறும் 20, 30 ரூபாய் என்று சிறு வைப்புத் தொகை பெறலாம். அவ்வாறு முறையாகச் சேமித்தவருக்கு, மழை பொய்யாக்கிய சந்தையின் மறுநாளே சிறு கடன் வழங்க வழி வகுக்கலாம். தண்டலுக்கு நாள் தவறாது 100 ரூபாய் கட்டும் கைக்கு நாணயம் உண்டென்பதற்கு அச்சிட்டைப் புத்தகத்தினும் சிறந்த சான்று வேண்டுமோ?

விடியும் வேளையில் நாம் விடைபெற்றோம். மகள் இலைக்கட்டின்மேல் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாம் நெய்த துணி விலைபோகும் இடத்தில் நமக்குச் சோறிடும் குடும்பம் அது. அதன் அடுப்பு அணையாமற் காப்பது நம் கடமையன்றோ?