மூன்று காலில் ஓடிய மணி

நம் பங்கு இல்லத்திற்கு நான்கு வீடு தள்ளி ஒரு முதிய நெசவாளர் வாழ்கிறார். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நம் கோயில் கொடியேற்றத்தன்று அழைக்காமலே வந்து ஓரமாக நிற்பவர். ஐம்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் அமர்ந்து காஞ்சிப் பட்டு நெய்து வருகிறார். அவர் தறிக்குழியின் விளிம்பில், அவருக்கு இடப்பக்கத்தில், 'மணி' என்னும் நாட்டுநாய் படுத்திருக்கும். சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து மாலையொன்றில், சேலை வாங்க வந்தோரை ஏற்றிவந்த வேன் ஒன்று அத்தெருவில் பின்னோக்கி நகர்ந்தபோது, மணியின் வலப் பின்னங்கால் சக்கரத்தில் அகப்பட்டுவிட்டது.

இக்கட்டுரை அந்தக் காலைப் பற்றியது. நாய்க்கு ஒரு கட்டுரையா, இதழில் இடம் அவ்வளவு மலிந்துவிட்டதா என்று வினவும் அன்பர்கள் இருக்கலாம். தம் பங்கில் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் நாய் படுத்திருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. மேலும், அடிபட்ட நாய்மேல் இரக்கம் கொள்வோர் பலர். அந்த இரக்கத்தாலேயே அதன் காலைக் கெடுத்துவிடுவோரும் பலர். இரண்டாம் கூட்டத்தில் நாமும் இருந்தோம் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

அன்று மாலை தெருவே கூடிவிட்டது. ஒருவர் மூங்கில் சிம்புகளும் துணியும் கொண்டுவந்து கட்டுப்போட முனைந்தார். புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்றார் இன்னொருவர். பெரியவரின் உறவினர் ஒருவர், "ஒரு ஊசி போட்டு முடித்துவிடுங்கள், அதுவாவது வேதனைப்படாமல் போகட்டும்" என்றார். பெரியவர் நம்மை நிமிர்ந்து பார்த்து, "சாமி, காலை மிதித்து மிதித்தே வயிறு வளர்த்தவன் நான். கால் போனதென்று இதைக் கொல்லச் சொன்னால் எனக்கு மனசு வரல" என்றார். 

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றை எழுதியோர் கூறும் நிகழ்ச்சி ஒன்று அப்போது நம் நினைவுக்கு வந்தது. 1837-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் நடந்தது. அப்போது அவருக்கு வயது 16. ரோஜர் என்னும் முதிய இடையரின் மந்தைநாய் 'கேப்', சிறுவர் எறிந்த கல்லால் காலில் அடிபட்டுக் கிடந்தது. உழைக்காத நாய்க்குச் சோறிட வகையற்ற அந்த ஏழை, அதைத் தூக்கிலிட்டுவிடத் துணிந்தார். அவ்வழியே ஊர்ப் பாதிரியாருடன் குதிரையேறி வந்த அம்மையார் செய்தி கேட்டு, நாய் கிடந்த குடிசைக்குச் சென்றார். பாதிரியார் காலைத் தடவிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சதைதான் நசுங்கியிருக்கிறது என்றார். வெந்நீரில் துணி நனைத்து அம்மையார் ஒற்றடமிட்டார். சில நாட்களில் கேப் மந்தைக்குத் திரும்பியது. உலகம் அம்மையாரை நினைவிற் கொண்டது. நாமோ, ஒரே தொழில் செய்பவர் என்ற உறவால், அந்த எலும்பைத் தடவிப் பார்த்த பாதிரியாரை மறப்பதில்லை. அன்று அவர் வாய் தவறி 'முறிந்தது' என்று சொல்லியிருந்தால் கயிறு அல்லவா முந்தியிருக்கும்?

அந்தத் துணிவில் நாமும் மணியின் தொடையைத் தடவக் கை நீட்டினோம். நம்மைக் கண்டால் வாலாட்டும் அந்த நாய், நம் விரலைக் கவ்வ வந்தது! வலியால் துடிக்கும் விலங்குக்குத் தன்னவர் பிறர் என்ற வேறுபாடு தெரியாது. மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையெனில், மென்துணியால் வாயைத் தளரக் கட்டிய பின்னரே தொட வேண்டும். தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். பெரியவரின் பேரன் நம்மினும் அறிவாளி. அகலப் பலகையொன்றைத் தரையோடு நகர்த்தி, போர்வையைப் பற்றி மெல்ல இழுத்து, கால் தொங்காமல் மணியைப் பலகைமேல் ஏற்றிவிட்டான்.

கால்நடை மருத்துவ அம்மையார் முதலில் செய்தது மூங்கில் கட்டை அவிழ்த்ததுதான். பாதத்தின் நடு இரு விரல்களைக் காட்டினார். நகங்கள் ஒன்றைவிட்டொன்று விலகி நின்றன. கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்படுவதற்கு அதுவே முதல் அடையாளமாம். முழங்காலுக்குக் கீழே முறிந்தால் வெளிக்கட்டு பயன்படலாம். தொடையெலும்புக்கு அது உதவாது. இடுப்பு மூட்டை அசையாமல் நிறுத்த முடியாதாகையால், கட்டிய சிம்பு முறிந்த இடத்தையே ஊசலாட்டும். எக்ஸ்ரே படத்தில் தொடையெலும்பு இரண்டாகத் தெரிந்தது. சென்னை வேப்பேரிக்கு எழுதிக் கொடுத்தார். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் நாள் எலும்பினுள் எஃகுக் கம்பி செலுத்தப்பட்டு மணி வீடு வந்து சேர்ந்தது. 

இனி நம் குற்றம். முதல் இரவில் மணி முனகியதைக் கேட்கப் பொறாமல், நம் மூட்டுவலிக்காக வைத்திருந்த மாத்திரையில் பாதியைத் தயிர்ச்சோற்றில் வைத்துக் கொடுத்தோம். விடியுமுன் இரத்தம் கலந்து வாந்தியெடுத்தது. இரண்டு நாள் சோறு தொடவில்லை. மருத்துவ அம்மையார் நம் அங்கியைப் பார்த்துத் தயங்கினாரே தவிர, கண்டிக்காமல் விடவில்லை. இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக், அவற்றின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை இலட்சக்கணக்கில் மாய்த்ததும், அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டதும் நாம் செய்தித்தாளில் படித்தவையே. படித்தும் பயனில்லை.

நம் இரண்டாம் குற்றத்தில் பெரியவருக்கும் பங்குண்டு. வீக்கம் இருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்கள் குளிர்ந்த ஒற்றடம், பின்னர் இளஞ்சூட்டு ஒற்றடம். அதன்பின் நாளுக்கு இரண்டு மூன்று முறை, நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்டுவது, ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து தடவை: இவை வேப்பேரியில் எழுதிக் கொடுத்தவை. மணி முனகும். பெரியவர் கையை எடுத்துவிடுவார். "பாவம் சாமி, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். நாமும், ஆம், நாளைக்குப் பார்க்கலாம் என்போம். அந்த நாளை வரவேயில்லை. சோறு மட்டும் வேளை தவறாமல், முன்னிலும் மிகுதியாகவே வந்தது.

ஐந்தாம் வாரத்தில் ஒருநாள், பேரன் பள்ளியிலிருந்து வரக் கண்டு, கட்டியிருந்த கயிற்றை உருவிக்கொண்டு மணி ஓடியது. மூன்று காலில் ஓடியது! நான்காம் கால் வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தது. தெருவே கைதட்டியது. நாமும் தட்டினோம். கால் வந்துவிட்டது என்று அன்றிரவு உறங்கப் போனோம். 

மறுவாரம் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடி வருவது தெரிந்தது. ஆனால் மருத்துவ அம்மையார் முகம் மலரவில்லை. இரு தொடைகளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று தசை, மற்றொன்று தோல் போர்த்திய குச்சி. முழங்கால் மூட்டும் இறுகத் தொடங்கியிருந்தது. "ஃபாதர், எலும்பை நாங்கள் பார்த்துக்கொண்டோம். தசையை உங்களிடம்தானே ஒப்படைத்தோம்?" என்றார். குட்டிநாயாக இருந்திருந்தால் இவ்வளவு நாளில் முன்தொடைத் தசை சுருங்கி, கால் கம்புபோல் விறைத்தே போயிருக்கும் என்றும் சொன்னார்.

அவர் விளக்கியதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஆகவே பின்னங்கால் ஒன்றை இழந்தாலும் நாய் விரைவில் ஈடுகட்டிக் கொள்கிறது. இது இறைவன் அதற்கு அளித்த நன்மை. அந்த நன்மையே இங்குப் பகையாகிறது. மூன்று காலில் வாழக் கற்றபின் நான்காவதை அது நாடுவதில்லை. நாடப்படாத தசை சில வாரங்களில் கரைகிறது. கரைந்த காலை ஊன்ற வலிக்கிறது. வலிப்பதால் இன்னும் தூக்கிக் கொள்கிறது. இச்சுழலை அறுக்கும் வழி மிக எளியது. வேகமாக ஓடும் நாய் காலைத் தூக்கிவிடும். மெல்ல, மிக மெல்ல நடத்தப்படும் நாய், நிலை தவறாதிருக்க வேண்டி, அந்தக் காலைத் தரையில் வைத்தே தீரும். நாம் கைதட்டிய ஓட்டம் எதைக் கெடுத்ததோ, அதைத் திருத்த வேண்டியது சலிப்பூட்டும் நடை.

தை மாதம் முழுவதும் அந்த நடைதான். பெரியவரின் பழைய வேட்டியை நான்காக மடித்து, மணியின் அடிவயிற்றின் கீழே, தொடைகளை ஒட்டிக் கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டு பேரன் நடப்பான். தூக்குவதற்கன்று, விழாமல் தாங்குவதற்கே அத்துணி. கழுத்துக் கயிறு பெரியவர் கையில். முதல் வாரம் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. வாரந்தோறும் சிறிது கூட்டினோம். மறுநாள் நொண்டல் மிகுந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள், ஒருநாள் குறைத்துக்கொள்வோம். வீட்டினுள் வழுவழுப்பான தரைமேல் சாக்குகளை விரித்தோம். வழுக்கும் தரையில் எந்த நாயும் நோயுற்ற காலை நம்பி ஊன்றாது.

இரண்டு வாரத்தில் கால்விரல் நுனி தரையைத் தொட்டது. பின்னர் உட்காரச் செய்து எழுப்புவது, ஐந்து முறை. நாம் படிக்கட்டில் ஏறி இறங்கும் வேதனை அப்போது நினைவுக்கு வரும். நிற்கும்போது நல்ல காலின் பக்கத்திலிருந்து இடுப்பை மெல்ல அழுத்தினால் எடை அடிபட்ட காலுக்கு மாறும். மூன்று நொடி, பின்னர் விடுவது. தறிக்குப் பயன்பட்டுக் கழிந்த மூங்கில் கோல்களைத் தரையில் ஓரடிக்கு ஒன்றாகப் பரப்பி, அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கவைப்பது. ஒவ்வொரு கோலுக்கும் காலை மடக்கியே ஆக வேண்டும். எட்டு வாரம் கடந்து, எக்ஸ்ரேயும் பார்த்து, மருத்துவர் இசைந்த பிறகு ஏரியில் இறக்கினோம். நீர் இடுப்புமூட்டு உயரம் நின்றால், கால்கள் தாங்க வேண்டிய எடை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. பெருநகரங்களில் இதற்கெனக் கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டை அமைத்திருக்கிறார்கள். கோயில்தோறும் குளமுள்ள காஞ்சியில் மணிக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரை, அதுவே போதுமாயிருந்தது. 

கால் தேறுகிறதா என்று அறியப் பெரியவர் ஓர் உபாயம் செய்தார். ஞாயிறுதோறும் பட்டிழை ஒன்றை எடுத்து, தொடையின் ஒரே இடத்தில் சுற்றி, முனை கூடுமிடத்தில் முடிச்சிட்டு, தறிக்கு அருகே ஆணியில் மாட்டி வைப்பார். மருத்துவர் நாடாவால் அளப்பதும் இம்முறையிலேயே. முதல் இழைக்கும் நல்ல காலின் இழைக்கும் இரண்டு விரற்கிடை வேறுபாடு இருந்தது. மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மூன்று வாரமே கடினம். பேரன் சலித்தான், பெரியவருக்கோ கல்யாணச் சேலையொன்று முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி, அந்நாட்களில் வேட்டி முனை நம் கைக்கு வந்தது. நான்காம் வாரம் முடிச்சு நகர்ந்தது.

மணிக்கு முறிந்தது எலும்பு மட்டுமே. முதுகுத்தண்டு அடிபட்டால் நிலைமை வேறு. பாதத்தைப் புறங்காலாகத் திருப்பித் தரையில் வைத்தால் நலமான நாய் உடனே நேராக்கிக் கொள்ளும். நரம்பு கெட்ட நாய் அப்படியே விட்டுவிடும். விரலை அழுத்திக் கிள்ளும்போது கால் இழுத்துக்கொள்வது மட்டும் போதாது, நாய் தலை திருப்பிப் பார்க்கவோ கத்தவோ வேண்டும். அந்த உணர்வு இருந்தால் நம்பிக்கை பெரிதும் உண்டு. சிறுநீர் தானாகப் பிரிகிறதா என்று பார்ப்பதும், படுக்கைப்புண் வராமல் சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் அங்கே உயிர்காக்கும் வேலைகள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் 2016 ஜூலையில் மாடியிலிருந்து ஒரு நாய் வீசியெறியப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். செத்திருக்கும் என்று எல்லோரும் எண்ணிய அந்த நாயைச் சில ஆர்வலர்கள் தேடி உயிருடன் கண்டெடுத்தனர். பின்னங்காலில் முறிவு, முதுகில் காயம். சிகிச்சை பெற்றுத் தேறி, 'பத்ரா' என்னும் பெயருடன் ஒரு வீட்டில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. இத்தகைய கொடுமையை முதன்முறை செய்தவருக்கு அது விதித்த தண்டம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. அவ்வாண்டில் அத்தொகை பெரிதாக இருந்திருக்கலாம்.

மணிக்கு இப்போது நடையில் சிறு சாய்வு உண்டு. பூனையைக் கண்டு பாயும்போது பழைய நினைவில் இரண்டடி மூன்று காலில் தாவிவிட்டு, பிறகே நான்காவதை இறக்குகிறது. மார்கழிக் குளிரில் காலை இறுகிக் கொள்வதால் எழுந்ததும் இளஞ்சூட்டு ஒற்றடம் தேவைப்படுகிறது. கடைசியாக இட்ட முடிச்சுக்கும் நல்ல காலின் முடிச்சுக்கும் அரை விரற்கிடை குறை. அது இனி நிரம்பாது என்கிறார் மருத்துவர். நடையை மட்டும் நிறுத்தவில்லை. கோடையில் தார்ச்சாலை பாதத்தைச் சுடுமாதலால் காலைத் திருப்பலிக்குமுன் முடித்துவிடுகிறோம். சென்ற வாரம் பெரியவர் நம் நடையைப் பின்னாலிருந்து சற்றுநேரம் பார்த்துவிட்டு, "சாமி, உங்க வலது முழங்காலையும் ஒரு இழை எடுத்து அளந்து பார்த்துடலாமா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.