இலவச அறைக்கு என்ன விலை?

பணம் போகும் பாதை – 14

மாங்காட்டிலிருந்து குன்றத்தூருக்குப் போனாலும் சரி, குமணன்சாவடிக்குப் போனாலும் சரி, வழியெங்கும் ஹார்டுவேர் கடைகள். சுற்றுவட்டாரம் முழுக்க மனை போட்டு வீடு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கு ஒரு டோக்கன் இருக்கும். இப்போது அது கியூஆர் கோடாகிவிட்டது. கடைக்காரருக்கு வேறு கணக்கு. இத்தனை டன் சிமென்ட் எடுத்தால் தங்கக் காசு, அதற்கு மேல் எடுத்தால் டூர். கோவா, கொழும்பு, பாங்காக் என்று கம்பெனியே கூட்டிப்போகும். (2022 ஜூலை முதல், இப்படிக் கிடைக்கும் சலுகை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்தம் உண்டு. அந்த 'இலவச' டூர் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே வருமானமாகப் பதிவாகும். பல கடைக்காரர்களுக்கு இது ஆடிட்டர் சொல்லித்தான் தெரிகிறது.)

கோவாவில் இரண்டாம் நாள் மாலை, பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல். உள்ளே போனதும் பெயர், போன் நம்பர் வாங்கிக்கொண்டு ஒரு அட்டை தருகிறார்கள். ஆட ஆட அதில் பாயின்ட் ஏறும். ஒரு பாயின்ட் திட்டம் நம் கடைக்காரரைக் கொண்டுபோய் இன்னொரு பாயின்ட் திட்டத்தின் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறது. போன வாரம் நகைக்கடைச் சீட்டைப் பார்த்தோம். அதில் கட்டிய பணத்துக்குக் கடைசியில் ஒரு வளையலாவது மிஞ்சும். கேசினோ அட்டையில் என்ன மிஞ்சும், அதை எப்படி முழுசாக வாங்குவது என்பது இந்த வாரம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று அந்த அட்டை பார்ப்பதே இல்லை. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு வைக்கிறீர்கள், மணிக்கு எத்தனை ஆட்டம் நடக்கிறது, எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்குச் சாதகம் எத்தனை சதவீதம்: இந்த நான்கையும் பெருக்கினால் வருவது உங்களிடமிருந்து அவர்கள் எதிர்பார்க்கும் நஷ்டம். அன்றைக்கு நீங்கள் ஒரு லட்சம் ஜெயித்துக்கொண்டு போனாலும் அந்தக் கணக்கு மாறாது. எதிர்பார்க்கும் நஷ்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை சாப்பாடு, அறை, விமான டிக்கெட் என்று திருப்பித் தருவது இந்தத் தொழிலின் வழக்கம். நம்முடைய நஷ்டத்தில் ஒரு துண்டை நமக்கே பரிசாகத் தருகிறார்கள்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் தொழிலாக்கியவர் ஒரு பேராசிரியர். அமெரிக்காவின் ஹாரா'ஸ் கேசினோ நிறுவனம் 1997-ல் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒரு அட்டையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு ஹார்வர்ட் வணிகப் பள்ளியிலிருந்து கேரி லவ்மன் அங்கே நிர்வாகியாகப் போய்ச் சேர்ந்தார். அட்டையில் குவிந்த தகவல்களைப் புரட்டியபோது, வருகிறவர்களில் 26 சதவீதம் பேரிடமிருந்துதான் 82 சதவீத வருமானம் வருகிறது என்று தெரிந்தது. அந்த 26 சதவீதம் பேர் கோட் சூட் போட்ட கோடீஸ்வரர்கள் இல்லை. ஆசிரியர்கள், மெஷினிஸ்டுகள், டாக்டர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் பிடித்து ரிட்டயர் ஆனவர் மாதிரியான ஆட்கள். சின்னத் தொகை வைப்பார்கள், அடிக்கடி வருவார்கள், பக்கத்து ஊரில் இருப்பார்கள்.

பக்கத்து ஊர் என்பதுதான் இதில் முக்கியம். அமெரிக்காவில் பழங்குடியினர் நடத்தும் கேசினோக்கள் முழுக்க அதை நம்பித்தான் நிற்கின்றன. கலிஃபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் அருகே கபசோன் என்ற மிகச் சிறிய இனக்குழு பிங்கோவும் சீட்டாட்டமும் நடத்த, மாநில அரசு தடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1987-ல் இனக்குழு ஜெயித்தது. அடுத்த ஆண்டே அதற்கென்று ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கிடைக்கும் லாபத்தை இனக்குழுவின் நிர்வாகம், மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தர்ம காரியம், உள்ளாட்சிக்கு உதவி ஆகியவற்றுக்குத்தான் செலவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இன்று அந்தக் கேசினோக்களின் ஆண்டு வருமானம் 4,000 கோடி டாலருக்கு மேல். ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேவிலோ இருக்கும் பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் போய்த் தங்கும் நம்மூர்ப் பெற்றோர் சிலர், வார இறுதியில் கேஷ் கிரீக், தண்டர் வேலி போன்ற இடங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். முதல் முறை வருபவருக்கு அட்டையோடு கொஞ்சம் இலவச ஆட்டப் பணம் ஏற்றித் தருவது பல இடங்களில் வழக்கம். அதை ஆடிவிட்டு, பஃபேயில் சாப்பிட்டுவிட்டு, கையிலிருந்து ஒரு டாலரும் போடாமல் எழுந்து வருகிற அம்மா, கேசினோவின் கணக்கில் ஒரு நஷ்டம். அவரை மறுபடி வரவைக்கத்தான் அடுத்த வாரமே வீட்டுக்குத் தபால் வரும்.

உள்ளூர்க்காரர்தான் அதிகம் இழப்பார் என்று அரசுகளுக்கும் தெரியும். கோவா 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்களைக் கேசினோவுக்குள் விடுவதில்லை. சிக்கிமும் தன் மக்களுக்கு 2016-ல் தடை போட்டது. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு அனுமதி இலவசம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இலங்கையும் தன் குடிமக்களிடம் நுழைவு வரி வாங்குகிறது. தன் வீட்டுப் பிள்ளைக்குக் கதவைச் சாத்திவிட்டு, மாங்காட்டுக்காரருக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் கேசினோ கிடையாது. 1930-ம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2003-ல் லாட்டரிச் சீட்டும் போனது. ஆனால் சில ஆண்டுகள் கேசினோ நம் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆன்லைன் ரம்மி ஆப்களில் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிகள் இருந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு போனஸ் மெசேஜ் வரும். லவ்மன் கண்டுபிடித்ததெல்லாம் அதில் இருந்தது, பயணச் செலவு மட்டும் இல்லை. தற்கொலைகள் தொடர்ந்த பிறகு 2022-ல் நீதிபதி கே. சந்துரு குழு தடையைப் பரிந்துரைத்தது. மாநிலச் சட்டம், உயர் நீதிமன்றம் என்று இழுபறியாகப் போய், 2025 ஆகஸ்ட்டில் மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் மூடியது. பாயின்ட் திட்டத்தின் முழு வீரியத்தையும் நம் தெருவில் காட்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, கோவாவுக்கு வருவோம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை டூரில் போகிறவருக்குப் பாயின்ட்டால் பயனில்லை. அடுத்த படிக்கு ஏறும் முன் அது காலாவதியாகிவிடும். இன்னும் கொஞ்சம் ஆடினால் கோல்டு என்று மேனேஜர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வெளியூர்க்காரருக்கு உண்மையான மதிப்பு நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது: சாப்பாடு, குடி, மேடை நிகழ்ச்சி, கூடவே ஒரு முறை மட்டும் ஆடக்கூடிய சிப்ஸ். இந்தச் சிப்ஸைப் பணமாக மாற்ற முடியாது. வைத்து ஜெயித்தால் ஜெயித்த தொகை நிஜச் சிப்ஸாக வரும். வைத்த சிப்ஸை எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். 2,000 ரூபாய்க்கு அப்படிச் சிப்ஸ் இருக்கிறது. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் சிவப்பு–கறுப்பில் வைத்தால் அதன் சராசரி மதிப்பு 973 ரூபாய்தான். அதையே பத்தாகப் பிரித்துப் பத்துத் தனி எண்களில் வைத்தால், ஏதாவது ஒன்று விழுந்தாலும் 7,000 ரூபாய். சராசரி மதிப்பு 1,892 ரூபாய். வைத்த சிப்ஸ் எப்படியும் திரும்பாது என்பதால், அதிகம் தரும் கட்டத்தில் வைப்பதுதான் ஆதாயம். சராசரி என்றுதான் சொன்னேன்: நான்கில் மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாக ஒன்றும் கிடைக்காது. இது தெரிந்துதான் பல இடங்களில் இந்தச் சிப்ஸைச் சரிசமப் பந்தயத்தில் மட்டும் வைக்கலாம் என்று விதி போட்டிருக்கிறார்கள். டேபிளில் உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் ரூலெட்டைவிட 'அந்தர் பாஹர்' டேபிளைத்தான் சூழ்ந்து நிற்கிறார்கள். நாம் திருவிழாவில் உள்ளே வெளியே என்று ஆடிய அதே மங்காத்தா. முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு 51.5 சதவீத வாய்ப்பு. ஊரில் ஆடும்போது இரண்டு பக்கத்துக்கும் சரிக்குச் சரி கொடுப்போம். கேசினோ அந்தச் சாதகமான பக்கத்துக்கு 100 ரூபாய்க்கு 90 மட்டும் தருகிறது. இப்படி ஒரு பக்கம் 2.15 சதவீதமும் மறுபக்கம் 3 சதவீதமும் அவர்களுக்கு நிற்கிறது. பக்காரா என்ற சீட்டாட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் முறையே 1.06, 1.24 சதவீதம். அதிலேயே 'டை' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் 14 சதவீதத்துக்கு மேல். அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. கூட்டமான டேபிளாகப் பார்த்து உட்காருங்கள். மணிக்கு நடக்கும் ஆட்டம் குறையும், நஷ்டமும் அதோடு குறையும், சாப்பாடு அதேதான்.

ஆனால் கோவாவில் இந்த இரண்டு மூன்று சதவீதமெல்லாம் இப்போது சில்லறை. சிப்ஸ் வாங்கும் முழுத் தொகைக்கும் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஜெயித்த சிப்ஸை மறுபடி வைத்தால் அதற்கு வரி இல்லை. புதிதாகக் கவுன்டருக்குப் போய் வாங்கினால் உண்டு. அதாவது, விட்டதைப் பிடிக்க இரண்டாம் முறை கவுன்டருக்குப் போகிறவரைக் காப்பாற்ற எந்த அட்டையாலும் முடியாது.

அதனால்தான் கொழும்பு ஏஜென்ட்டுகளிடமிருந்து அழைப்பு வருகிறது. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேர விமானம். பழைய கேசினோக்களோடு 2025 ஆகஸ்ட்டில் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸும் திறந்துவிட்டது. டிக்கெட் இலவசம், அறை இலவசம். முன்பணம் கட்டி, சொன்ன நேரம் ஆட வேண்டும், அவ்வளவுதான் என்பார்கள். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்று திருப்பிப் போட்டுப் பார்ப்போம். டிக்கெட்டும் அறையும் 40,000 ரூபாய் என்று வையுங்கள். எதிர்பார்க்கும் நஷ்டத்தில் 30 சதவீதம் திருப்பித் தருகிறார்கள் என்றால், உங்களிடமிருந்து எதிர்பார்ப்பது 1,33,000 ரூபாய். 1.2 சதவீதச் சாதகம் உள்ள பக்காராவில் அது வர வேண்டுமானால் மொத்தம் ஒரு கோடியே பதினோரு லட்சம் ரூபாய் டேபிளில் புரள வேண்டும். மணிக்கு 70 ஆட்டம், பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 13,000 ரூபாய்க்கு மேல் வைக்க வேண்டும். சிமென்ட் மூட்டைக்குப் பத்து ரூபாய் லாபம் பார்க்க லாரிக்காரரோடு மல்லுக்கட்டும் மனிதர் இவ்வளவு வைப்பாரா? சராசரியைச் சுற்றி அதிர்ஷ்டம் மூன்றரை லட்சம் வரை மேலும் கீழும் ஆடுவது அங்கே சர்வ சாதாரணம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, காலி முகத்திடலில் இறால் வடை தின்றுவிட்டு, ஒரு மணி நேரம் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வருவது பல மடங்கு மலிவு.

அதையும் மீறிப் போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். லாட்டரி, பந்தயப் போட்டி போன்றவற்றுக்கு இந்தியாவிலிருந்து அந்நியச் செலாவணி அனுப்புவதை ஃபெமா விதிகள் தடை செய்திருக்கின்றன. நேபாளக் கேசினோ பயணங்களை ஏற்பாடு செய்த ஹைதராபாத்காரர்கள் வீட்டில் அமலாக்கத் துறை 2022 ஜூலையில் சோதனை போட்டது. பணத்தை இங்கே ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அங்கே சிப்ஸாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அது ஹவாலா. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஜெயித்த பணம் எந்த நாட்டில் ஜெயித்ததானாலும் இங்கே 30 சதவீத வரிக்கு உட்பட்டது, செஸ் தனி. தோற்ற தொகையையோ, டிக்கெட்டையோ, ஓட்டல் பில்லையோ அதில் கழிக்க முடியாது. காலையில் இரண்டு லட்சம் தோற்று மாலையில் ஒரு லட்சம் ஜெயித்தவர், ஒரு லட்சம் நஷ்டத்தோடு அந்த ஜெயித்த ஒரு லட்சத்துக்கு 31,200 ரூபாய் வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம்: கிரெடிட் கார்டு பாயின்ட்டுகள்.

(தொடரும்)