கூகையும் நம் தோட்டமும்



இரவு வேளையில் லயத்து வீடுகளின்மேல் ஒரு வெண்ணிறப் பறவை ‘கிறீச்’சென்று அலறியவாறு பறந்து சென்றால், நம்மவருள் பலர் இன்றும் அஞ்சி நடுங்குகின்றனர். “யார் வீட்டிலோ சாவு விழப் போகிறது” என்பாள் பாட்டி. தாய்மார் குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவர். இளைஞர் கல்லைத் தேடுவர். சாவுக்குருவி என்று நாம் பழித்து விரட்டும் அப்பறவையின் பெயர் கூகை. வெண்கூகை என்றும் கூறுவர். மலாய்க்காரர் அதனை ஜெலாப்பாங் ஆந்தை என்கின்றனர். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். பிறர் தம் களஞ்சியத்தோடு சேர்த்துப் பெயரிட்ட பறவைக்கு நாம் சாவோடு சேர்த்துப் பெயரிட்டிருக்கிறோம். இந்தப் பெயரால் நமக்கு விளையும் இழப்பு சிறிதன்று.

நம் முன்னோர் கூகையை நன்கு அறிந்திருந்தனர். நற்றிணையின் 83ஆம் பாட்டில், தலைவியின் தோழி ஊர் வாயிலில் நிற்கும் முதிய மரத்துக் கூகையை நோக்கி, அலறி ஊரை எழுப்பிவிடாதே என்று வேண்டுகிறாள். அதற்குக் கைம்மாறாக அவள் படைப்பதாகச் சொல்லும் விருந்தில் நெய்ச்சோற்றோடு சுட்ட எலியும் இடம்பெறுகிறது! கூகை விரும்பி உண்பது எலியைத்தான் என்பதனைச் சங்கப் புலவர் கண்டு வைத்திருக்கிறார். திருவள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தில், பகற்பொழுதில் காக்கை கூகையை வென்றுவிடும் என்கிறார். விடிந்தபின் வழிதவறிய கூகையைக் காக்கைகள் கூட்டமாகத் துரத்தும் காட்சியை நம் மாணவருள் சிலரேனும் கண்டிருப்பர்.

இனி, இப்பறவை வேட்டையாடும் விதத்தைப் பார்ப்போம். அதன் முகம் நெஞ்சக் குறியைப் போன்று இருபுறமும் வளைந்து தட்டையாக இருக்கிறது. அழகுக்காக மட்டும் அமைந்த வடிவமன்று அது. நாம் செவியருகே கையைக் குவித்து ஒலியைக் கேட்பதுபோல, அம்முகம் ஒலியைத் திரட்டிக் காதுகளுக்கு அனுப்புகிறது. காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று உயரத்திலும் மற்றொன்று தாழ்ந்தும் உள்ளன. ஆகவே ஒலி எத்திசையிலிருந்து, எவ்வளவு கீழிருந்து வருகிறது என்பதனைக் கூகை துல்லியமாக உணர்ந்துகொள்கிறது. கும்மிருட்டிலும், சருகினடியில் ஓடும் எலியை ஒலி ஒன்றைக் கொண்டே அது பிடித்துவிடும். சிறகு முனைகள் சீப்பின் பற்களைப்போல் பிரிந்து மென்மையாக இருப்பதால், பறக்கும்போது ஓசை எழுவதில்லை. எலிக்குத் தன் எமன் வருவது தெரியவே தெரியாது.

பிடித்த எலியைக் கூகை பெரும்பாலும் முழுதாகவே விழுங்குகிறது. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வெளியே உமிழ்ந்துவிடுகிறது. சென்ற ஆண்டு நம் ஆறாம் ஆண்டு மாணவர், செம்பனைத் தோட்டத்துக் கூட்டின் அடியில் கிடந்த அத்தகைய உருண்டை ஒன்றைக் கையுறை அணிந்து எடுத்து வந்து, நீரில் ஊறவைத்துப் பிரித்தனர். இரண்டு எலிகளின் மண்டையோடுகள் அதில் இருந்தன. ஒரு மாணவி அதன் முன்பற்களைக் காட்டி, “ஐயா, இதுதானே எங்கள் வீட்டு அரிசி மூட்டையைக் கடித்தது?” என்று கேட்டாள். அவ்வாண்டின் அறிவியல் பாடங்களுள் மாணவர் மறவாத பாடம் அதுவே என்று நாம் கருதுகிறோம்.

கூகை நம் தோட்டங்களுக்கு வந்த வரலாறும் சுவையானது. மலாயாவில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக 1917ஆம் ஆண்டு சிலாங்கூரில் பயிரிடப்பட்டது. 1960ஆம் ஆண்டுகளுக்குப் பின்னர் பால்மரங்கள் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் செம்பனை பரவலாயிற்று. பால்மரத்தில் எலிக்கு உண்ண அதிகம் ஒன்றும் இல்லை. செம்பனையிலோ ஆண்டு முழுவதும் எண்ணெய்ப் பழம். மரத்தில் ஏறிக் குலையிலேயே குடியிருந்து தின்னும் வசதி எலிக்குக் கிட்டியது. எலியினால் எண்ணெய் விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை இழப்பு நேரலாம் என்று கணக்கிட்டிருக்கின்றனர். எலி பெருகவே, அதுவரை தீபகற்பத்தில் அரிதாக இருந்த கூகையும் அதனைத் தேடி வந்தது. 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது குஞ்சு பொரித்திருப்பது கண்டறியப்பட்டது.

ஆனால் கூகைக்கு ஒரு குறை இருந்தது. அது தானாகக் கூடு கட்டாது, பொந்தில்தான் முட்டையிடும். செம்பனை மரத்தில் அதற்கேற்ற பொந்து இல்லை. எனவே பலகையால் பெட்டி செய்து, பதினைந்தடி உயரக் கம்பத்தில் பொருத்தும் வழக்கம் தோன்றியது. ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவான கணக்கு. அப்பெட்டியில் கூகை நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். முட்டைகளை ஒரே நாளில் இடாமல் சில நாள் இடைவெளி விட்டு இடுவதால், குஞ்சுகள் மாடிப்படி வரிசைபோல் பெரிதும் சிறிதுமாக நிற்கும். குஞ்சுகள் உள்ள ஓர் இணை, ஓராண்டில் ஏறக்குறைய ஆயிரம் எலிகளைப் பிடிக்கக்கூடும் என்பர். இதற்குக் கூலி கிடையாது. கூடுதல் நேரச் சம்பளமும் கிடையாது.

இவ்வளவு நல்ல வேலைக்காரனை நாம் எப்படி இழக்கிறோம்? கல்லால் மட்டுமன்று, நஞ்சாலும் இழக்கிறோம். எலிக்கு வைக்கும் நஞ்சுகளுள் பழையது வார்பரின். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். நாளடைவில் சில எலிகள் அதற்குச் சாகாத உடலைப் பெற்றுவிட்டன. எனவே 1980ஆம் ஆண்டுகளில் புரோடிபாக்கூம் போன்ற கடுமையான நஞ்சுகள் வந்தன. அவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள்கள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைக் கூகை எளிதாகப் பிடித்து விழுங்கும். எலியின் உடலிலிருந்த நஞ்சு கூகையின் உடலிலும் சேர, அதுவும் உள்ளே இரத்தம் கசிந்து மாளும். இவ்வகை நஞ்சு வைக்கப்பட்ட தோட்டங்களில் கூகைகள் குறைந்து போனதை அக்காலத்திலேயே நம் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். பின்னர் நடப்பதை ஊகிப்பது கடினமன்று. எலி மூன்று வாரத்தில் அடுத்த ஈற்றை ஈன்றுவிடும். கூகையோ ஆண்டில் ஓரிரு முறைதான் குஞ்சு பொரிக்கும். எலி திரும்பி வந்துவிடும். கூகை வருவதற்கு ஆண்டுகள் ஆகும்.

கூகை மட்டும் எல்லா எலிகளையும் ஒழித்துவிடும் என்று நாம் கூறவில்லை. எலி மிகுந்துவிட்ட இடத்தில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் முதலில் எலியைக் குறைத்து, அதன்பின் கூகையிடம் காவலை ஒப்படைப்பதே நடைமுறை. எந்த நஞ்சைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பறவைக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்திருக்கிறது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்த பெண்களின் கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத நமக்கு மனம் வரவில்லை. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியே அவர்கள் தெளித்தவற்றுள் மிகக் கொடியது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் நுரையீரல் இறுகி உயிருக்கே ஆபத்தாகும். அதற்கு மாற்று மருந்தும் இல்லை. தெளிப்போருக்கு மூக்கில் இரத்தம் வடிவதும், நகம் கறுத்து விழுவதும், தோல் வெந்துபோவதும் நேர்ந்தன. நம் மாணவருள் சிலருடைய பாட்டிமார் தம் விரல்களைக் காட்டி இதனைச் சொல்லக்கூடும். தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு பூச்சிக்கொல்லி நஞ்சுகளை எதிர்த்துவரும் ஆசிய பசிபிக் கூட்டமைப்பும் தோட்டத்துப் பெண்களின் துன்பத்தை ஆவணமாக்கின. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இடைவிடாது குரல் கொடுத்தது. 2002ஆம் ஆண்டு அரசு இந்நஞ்சைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. அது நமக்கு உடன்பாடான செயலன்று. இறுதியாக 2020 சனவரி முதல் நாள் தொடங்கி முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. பல ஆண்டுகள் அச்சங்கத்தை வழிநடத்திய தமிழ் முஸ்லிம் பெரியவர் எஸ். எம். முகமது இத்ரிஸ், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் 2019 மே மாதம் மறைந்தார். அந்த நாளைக் காண அவர் இல்லாதது வருத்தமே.

இன்று நம் தோட்டங்களில் மருந்தடிப்போருள் பலர் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியருமாவர். பாராகுவாட் போயினும் வேறு களைக்கொல்லிகள் உள்ளன. அவர்களுக்கும் முகமூடியும் கையுறையும் வேண்டும். வேலை முடிந்ததும் குளிக்க நீர் வேண்டும். மருந்து வந்த காலிப் பீப்பாயை எவரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் பிடித்து வைக்கலாகாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முற்றும் நீங்கிவிட்டதென்று நம்ப இயலாது.

வீட்டு நிலைக்கு வருவோம். எலியினால் வரும் கேடு அரிசி மூட்டையோடு நிற்பதில்லை. அதன் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவுகிறது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் மருத்துவர் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களுள் இதுவும் ஒன்று. காலில் புண்ணோடு வெள்ளநீரிலோ சாக்கடையிலோ இறங்கிய சில நாள்களில் கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் தோன்றினால், கைமருத்துவம் பார்த்து நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரில் இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லயத்தின் பின்புறத்தில் சோற்றையும் மீன் தலையையும் கொட்டிவிட்டு எலியை நொந்து பயனில்லை. மூடியுள்ள குப்பைத் தொட்டியும், அடைபடாத சாக்கடையும் முதலில் வேண்டும். கடையில் விற்கும் எலி நஞ்சு சிவப்பும் நீலமுமாக மிட்டாயைப்போல் இருக்கிறது. சிறு குழந்தை அதனை வாயில் போட்டுக்கொண்டால், நஞ்சின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை நஞ்சானால், வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற மருத்துவர்க்கு வழியுண்டு.

எலித் தொல்லை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. பாலத்தைக் கடந்து தீவுக்குச் சென்றால், ஜார்ஜ்டவுனின் சந்தைகளிலும் பழைய கடைவீடுகளின் பின்சந்துகளிலும் கொழுத்த எலிகளைக் காணலாம். குளுகோரிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூகைகளைத் தம் வளாகத்திலேயே குடியேற்றிப் பார்த்தனர். நகரத்தில் அவை எதை உண்டன என்பதனை அறிய, நம் மாணவர் பிரித்த அதே உமிழ்ந்த உருண்டைகளைத்தான் அவர்களும் ஆராய்ந்தனர். சாக்கடையில் திரியும் பெரிய எலி முதலிடத்திலும், மூஞ்சூறு அடுத்த இடத்திலும் இருந்தன. நாட்டுப்புறத்துப் பறவை நகரத்திலும் தன் தொழிலை மறக்கவில்லை.

கூகை நம் நாட்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. அதனைக் கொல்வதும் பிடித்து வளர்ப்பதும் குற்றமாகும். பெட்டியின் அருகே சென்று கம்பத்தை ஆட்டுவதும், ஏறிப் பார்ப்பதும் வேண்டா. அடிக்கடி தொல்லைப்பட்டால் தாய்ப்பறவை முட்டையைக் கைவிட்டுப் போய்விடும். பறக்கப் பழகும் குஞ்சு சில வேளை கீழே விழுந்து கிடக்கும். அதன் நகம் கூர்மையானது, வெறுங்கையால் தொடலாகாது. மாணவர் எவரேனும் கண்டால், மண்டோரிடமோ நம் ஆசிரியரிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். காயமில்லையெனில் பெரியவர்கள் அதனைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிடலாம். தாய் அதனை ஏற்றுக்கொள்ளும். காயமிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, நாய் பூனை அணுகாத இருட்டறையில் விட்டு, வனவிலங்குத் துறையினருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர்கள் வரும்வரை அதற்குப் பாலோ சோறோ ஊட்ட வேண்டா.